இருட்டைத் தேடி அலைகிற டெஸ்மண்ட்

டெஸ்மண்ட் நல்லவன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எல்லாரும் ஒருத்தனை நல்லவன் என்றால் நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்ப்பேன். ஜாகா வேலை, காவல்காரன் வேலை, அப்படி. தேயிலைத் தோட்டத்துக் கேட்டில் உட்கார்ந்து, உள்ளே போகிறவன் பையையும் வெளியே வருகிறவன் மூஞ்சியையும் பார்த்தே வயசாகிவிட்டது. அதனால் அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மிச்சத்தை அவன் பெண்சாதி கரேனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவன் பிறந்தது இதே தோட்டத்து மேல் லயத்தில். அப்பா கவாத்து வெட்டினவர், அம்மா கொழுந்து எடுத்தவர். அப்பா செத்ததும் வீட்டைத் தோட்டத்துக்கே விட்டுவிட்டுப் பக்கத்து ஊர் திரிங்காப்புக்குப் போனார்கள். அங்கே ஒரு பூத்தோட்டத்தில் சேர்ந்தவன் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். சாமந்திச் செடிக்கு ராத்திரியில் விளக்குப் போட வேண்டும். வெளிச்சம் இருக்கிற வரைக்கும் அது மொட்டு வைக்காமல் உயரமாக வளரும். வளர்ந்தது போதும் என்றால் விளக்கை நிறுத்துவார்கள், அப்புறம் பூக்கும். பிளாஸ்டிக் கொட்டகைக்குள் வரிசை வரிசையாகப் பல்பு கட்டுவதும், எரிந்துபோனதை மாற்றுவதும் டெஸ்மண்ட் வேலை. பொழுது சாய்ந்தால் திரிங்காப் மலை முழுக்கக் கல்யாண வீடு மாதிரி இருக்கும். அந்த வெளிச்சத்தில் பாதி இவன் கட்டினது.

ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து கம்பம் விழுந்து அந்தப் பக்கம் முழுவதும் கரண்ட் போய்விட்டது. எல்லாக் கொட்டகையும் இருட்டு. ஜெனரேட்டரைப் பார்க்க வெளியே வந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறான்.

"யாரோ மூடியத் தொறந்துட்ட மாதிரி இருந்துச்சுண்ணே," என்று பிறகு என்னிடம் சொன்னான்.

அன்றைக்குப் பிடித்தது. வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நட்சத்திரம் தெரிகிற இடமாகத் தேட ஆரம்பித்தான். கோலா தெர்லா பக்கம் போனால் காய்கறி லோரி வெளிச்சம் கண்ணில் அடிக்கும். தானா ராத்தாவில் ஹோட்டலும் கடையும். டூரிஸ்ட் போகிற உச்சி மலையில் ஜீப்பு ஜீப்பாக வந்து நிற்கும். கடைசியில் அவனுக்குப் பிடித்துப்போனது எங்கள் தோட்டத்துத் தண்ணித் தொட்டி மேடு. சுற்றிலும் தேயிலை, ஒரு விளக்குக் கிடையாது. பள்ளத்தில் பனி இறங்கிவிட்டால் டவுன் வெளிச்சமும் அதற்குள் அமுங்கிவிடும்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஸ்டோரில் உரமூட்டை காணாமல் போய்க்கொண்டிருந்தது.

மேனேஜர் குணாளன் சின்ன வயசுக்காரர். பழக்கத்தில் நாங்கள் துரை என்றுதான் சொல்வோம். அவர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லாமல் பேசினார்.

"மாடசாமி, பூட்டு ஒடையல. கேட்டுல நீங்கதான் இருக்கீங்க. மூட்டைக்குக் கால் இருக்கா?"

"இல்லங்க துரை."

"இந்த மாசத்துக்குள்ள யாருன்னு தெரியணும். இல்லன்னா வேற ஜாகா பாத்துக்கறேன்."

வேலை போனால் வீடும் போகும். லயத்து வீடு வேலைக்காரனுக்குத்தானே. என் பெண்சாதி துளசி அதைக் கேட்டு அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை.

அப்போது மாட்டினான் டெஸ்மண்ட். ஏழு மணி வாக்கில் மோட்டாரில் வருவான். மேல் லயத்துக்குப் பக்கத்தில் மாதா கெபி இருக்கிறது. கும்பிட வருகிறவனை நிறுத்தக் கூடாது என்பது வெள்ளைக்காரத் துரை காலத்து ஏற்பாடு. அதனால் விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் இவன் கெபியில் நிற்பதில்லை என்று கொழுந்துக்காரப் பெண்கள் சொன்னார்கள். நேராக மேலே போகிறானாம். ஒரு நாள் கேட்டுக் கட்டையைத் தூக்காமல் மறித்தேன்.

"எங்க போற?"

"மேலண்ணே."

"மேல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாத எடத்துக்கு எவனாச்சும் பெட்ரோல் செலவு பண்ணுவானா லா?"

"மேல லைனு நல்லா புடிக்கும். போன் பேசத்தான்."

"யாருகிட்ட?"

"பொண்டாட்டிகிட்ட."

"அவ வீட்டுலதானே இருக்கா? வீட்டுலயே பேசறது."

"வீட்டுல அவ பேச உட மாட்டாண்ணே," என்றான்.

பையைத் திறக்கச் சொன்னேன். ஒரு பாய், மழைக்கோட்டு, பிளாஸ்க், ஒரு டார்ச் லைட். டார்ச்சின் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது. வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று நினைக்கிறவன்தான் அப்படி ஒட்டுவான். எதற்கு என்று கேட்டேன். இருட்டுப் பழகின கண்ணுக்கு நல்லது என்றான். பையை மூடும்போது அவனே வாயை விட்டான்.

"அண்ணே, ஸ்டோர் பக்கம் ராத்திரி லைட்டு போடுவீங்களா? புதுசா எதுவும் போடப் போறாங்களா?"

எந்தத் திருடனும் இவ்வளவு வெளிப்படையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. கட்டையைத் தூக்கி விட்டேன். கையும் களவுமாகப் பிடித்தால்தான் துரை நம்புவார்.

ராத்திரி எட்டு மணிக்கு நான் ஃபேக்டரிப் பக்கம் நடந்து போய் ஜாகா கடிகாரத்தைக் குத்திவிட்டு வர வேண்டும். குத்தாவிட்டால் தூங்கிவிட்டேன் என்று எழுதிவிடுவார்கள். போய் வர அரை மணி ஆகும். அந்த நேரத்தில்தான் மூட்டை போகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் வளைவில் நின்று, டார்ச்சை மலைப்பக்கம் தூக்கி இப்படியும் அப்படியும் அடித்துப் பார்ப்பேன். டெஸ்மண்ட் இறங்குகிறானா என்று பார்க்கத்தான். ஒன்றும் தெரியாது. தேயிலைதான் தெரியும்.

"கீழ நின்னு லைட்ட ஆட்டுனா திருடன் வந்து கும்புடு போடுவானா?" என்றாள் துளசி. "மேல ஏறிப் போய்ப் பாருங்க. இல்லன்னா நான் போறேன்."

அவள் போவாள். அதனால் அடுத்த நாள் கடிகாரம் குத்தப் போகாமல், டார்ச்சை அணைத்துவிட்டு மேட்டில் ஏறினேன். முட்டி வலியோடு ஏறிப் போனால் அவன் பாயை விரித்து மல்லாக்கப் படுத்திருக்கிறான். பக்கத்தில் மூட்டை இல்லை, ஆள் இல்லை.

"எந்திரி," என்றேன்.

துள்ளி எழுந்தவன் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"அண்ணே, நான் யாருகிட்டயும் மூச்சு உடல. சத்தியமா. நீங்களும் உங்க ஆளும் என்ன செஞ்சா எனக்கென்ன? நான் வானத்தப் பாக்க வந்தவன்."

"எந்த ஆளுடா?"

"நீங்க வளைவுல நின்னு சிக்னல் காட்டுனதும் வருவானே, அந்த ஆளு."

அவன் என்னைத் திருடன் என்று நினைத்திருக்கிறான். தினமும் நான் டார்ச்சை ஆட்டுகிறேன், ஃபேக்டரிப் பக்கம் போகிறேன், சில நாளில் உடனே ஸ்டோருக்குப் பின்னால் ஒரு வெளிச்சம் வருகிறது. மேலே படுத்திருப்பவனுக்கு அது வேறெப்படித் தெரியும்? அந்த வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்றுதான் ஸ்டோர் லைட்டைப் பற்றிக் கேட்டானாம்.

"ஒன்னத் தேடித்தான்டா ஆட்டுனேன்."

"என்னத் தேடியா?" என்றான். நம்பவில்லை. கொஞ்சம் பின்னால் நகர்ந்தான். அப்புறம் கீழே கையைக் காட்டினான். "தோ. வந்தாச்சு."

ஸ்டோருக்குப் பின்னால் ஒரு வெளிச்சம். முன் விளக்கை அணைத்துவிட்டு ஒரு வேன் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு சிவப்பு விளக்குத்தான் எரிந்தது, இன்னொன்று செத்துப்போனது.

"எப்பவும் இதே ஒத்தக்கண்ணுதான்," என்றான் டெஸ்மண்ட். ஜாகா கொட்டகையில் நான் இல்லை என்று பார்த்துவிட்டு, ரவுண்டு போய்விட்டேன் என்று நினைத்து வந்திருக்கிறது. அந்த வேனை நான் பகலில் நூறு தடவை விட்டிருக்கிறேன். ஸ்டோர் சாவியும் கணக்கும் வைத்திருக்கிற கிராணி மகேனின் மச்சான் காய்கறி ஏற்றுகிற வேன். மேல் லயத்துக் காய்கறித் தோட்டத்துக்கு வருகிறது என்று ஒரு நாளும் நான் அதை மறித்ததில்லை.

அங்கேயிருந்தே துரைக்குப் போன் அடித்தேன். லைன் உண்மையிலேயே நன்றாகப் பிடித்தது. அவர் காரைக் கொண்டுவந்து கீழ்ப் பாதையை மறித்தார். மகேனும் மச்சானும் ஆறு மூட்டையோடு மாட்டினார்கள்.

அதோடு முடியவில்லை. மகேன் சும்மா போகிறவனா? "ஜாகாவுக்குப் பங்கு இல்லாம கேட்டுல வேன் எப்படி துரை வரும்?" என்று சொல்லிவிட்டான். துரை என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ரவுண்டுல இருக்க வேண்டிய நேரம். கடிகாரம் குத்தல. மேட்டுல என்ன செஞ்சீங்க?"

சொன்னேன். நட்சத்திரம் பார்க்கிறவனைப் பிடிக்கப் போனேன் என்று என் வாயால் சொல்லும்போது எனக்கே பொய் மாதிரி இருந்தது. டெஸ்மண்ட் அதற்குள் மோட்டாரை உருட்டிக்கொண்டு காணாமல் போயிருந்தான். நாளைக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு முன்னால் அவனைக் கூட்டிவந்து சொல்ல வையுங்கள், இல்லை என்றால் நீங்களும் மகேனோடு போங்கள் என்றார் துரை.

மேல் லயத்தில் நம்பர் வாங்கி ராவோடு ராவாகத் திரிங்காப்புக்குப் போன் அடித்தேன். எடுத்தது கரேன்.

"அவர் தெனமும் அங்கதான் வர்றாரா?" என்றாள், நான் தோட்டத்து ஜாகா என்றதும். "கூட யாரு?"

"யாரும் இல்லம்மா."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாய்ல ஒரு ஆளு படுக்கத்தான் எடம் இருந்துச்சு," என்றேன். அதற்கப்புறம்தான் அவனிடம் கொடுத்தாள்.

மகேன் சொன்னதையும், காலையில் வந்து துரையிடம் சொல்ல வேண்டும் என்பதையும் டெஸ்மண்டிடம் சொன்னேன். "உண்மையாவே உங்களுக்குப் பங்கு இல்லையாண்ணே?" என்றான்.

"இல்ல."

"நான் வந்து சொன்னா எடம் தெரிஞ்சு போயிரும். நாளைக்கே ஜீப்புக்காரன் டூரிஸ்ட்ட ஏத்திக்கிட்டு வந்து நிப்பான். இல்ல துரை மேல போவவே உட மாட்டாரு."

"சொல்லலன்னா என் வீடு போயிரும்."

போனை வைத்துவிட்டான். வர மாட்டான் என்றுதான் நினைத்தேன். துளசி பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

விடியக்காலையில் பனிக்குள்ளே அவன் மோட்டார் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே துரை முன்னால் நின்று பார்த்தது எல்லாவற்றையும் சொன்னான். வேன் வந்த நாள், விளக்கு எரிந்த பக்கம், நான் டார்ச்சை ஆட்டினது வரைக்கும். அதை விட்டிருக்கலாம். விடவில்லை. துரை அவனிடம் அரை மணி நேரம் போலீஸ் மாதிரி கேள்வி கேட்டார். கடைசியில் என்னைப் பார்த்து, "போய் கேட்டுல உக்காருங்க," என்றார். அவ்வளவுதான். துளசி பெட்டியைப் பிரித்தாள்.

அந்த வாரமே ஸ்டோர் கூரை மேல் பெரிய ஸ்பாட்லைட் ஒன்று வந்து ஏறியது. எரியவிட்டால் தண்ணித் தொட்டி மேடு வரைக்கும் வெள்ளை வெளேரென்று இருக்கும். டெஸ்மண்ட் ஒரு நாள் வந்து பார்த்தான். கேட்டில் நின்று அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு மோட்டாரைத் திருப்பினான். அதற்கப்புறம் அவன் வரவில்லை. கோலா தெர்லாவுக்கு மேலே எங்கேயோ இடம் தேடுகிறான், அங்கேயும் ஒரு ஜாகா பிடித்துக் கேள்வி கேட்டானாம் என்று கேள்விப்பட்டேன்.

லைட்டை அணைக்கலாமா என்று துரையிடம் கேட்டேன். "எதுக்கு அணைக்கச் சொல்றீங்க?" என்று என்னைப் பழைய மாதிரியே பார்த்தார். அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். பழைய கூரைத் தகரம் ஒன்றை எடுத்து வளைத்து, ஏணி போட்டு ஏறி, லைட்டுக்கு மேலேயும் பக்கத்திலேயும் குல்லா மாதிரி அடித்தேன். வெளிச்சம் ஸ்டோர் வாசலில் மட்டும் விழுந்தது. துரை கேட்டால் மழைத் தண்ணி படாமல் இருக்க என்று சொல்லிக்கொள்ளலாம்.

டெஸ்மண்டுக்குப் போன் போட்டு, வந்து பார் என்று மட்டும் சொன்னேன். வந்தான். இன்ஜினை அணைக்காமலே கேட்டில் நின்றான்.

"யாருண்ணே தகரம் அடிச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"மழைக்கு."

"மழ மேலருந்துல்ல வரும். பக்கத்துல எதுக்குத் தகரம்?"

"ஒனக்கென்ன, போறியா இல்லையா?"

"உங்களுக்கு என்ன வேணும்ணே?" என்றான். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். என் கொட்டகைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தான். யாராவது ஒளிந்திருக்கிறானா என்று பார்த்தான் போல.

"ஒண்ணும் வேணாம். போடா."

பாதி மனசோடு மேலே போனான். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"அண்ணே, எடது பக்கம் இன்னும் ஒரு சாண் மடக்கணும். தொட்டி மேல லேசா அடிக்குது."

நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.