கேட்டலாக்கில் இல்லாத நிறம்

பக்கங்களுக்கு நடுவே மூக்கை வைத்து ஆழமாக ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "இத்தாலில அச்சடிச்சது" என்கிறார் குவெக் செங் லியாங். அதற்குப் பிறகுதான் கண்ணாடியை எடுத்து மாட்டுகிறார். கைக்கடிகாரக் கேட்டலாக்கைக் கண்ணால் பார்ப்பது அவருக்கு இரண்டாவது வேலை. ஜப்பான் தாளில் வடித்த கஞ்சியின் வாசம் வருமாம். ஜெர்மன் தாளில் புதுச் செருப்பு வாசம். ஹாங்காங்கில் அச்சடித்ததை மூன்று நாள் மின்விசிறிக்குக் கீழே வைத்த பிறகுதான் வீட்டுக்குள் சேர்ப்பார்.

சிங்கப்பூரில், பாலஸ்டியர் சாலையில் அவருக்கு விளக்குக் கடை. தொங்கும் விளக்கு, சுவர் விளக்கு, படுக்கையோர விளக்கு என்று கூரை முழுக்க எரிந்துகொண்டிருக்கும். சனிக்கிழமை மதியமானால் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஆர்ச்சர்ட் ரோட்டுக்குக் கிளம்பிவிடுவார். கையில் துணிப்பை. மூலை மடங்காமல் இருக்கப் பைக்குள் இரண்டு அட்டைகள். கைக்கடிகாரக் கடை வாசலில் நிற்கும் காவலாளிகள், கோடீஸ்வரர்களைக் கூட ஒரு நொடி எடை போட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பார்கள். குவெக்கைக் கண்டால் தூரத்திலேயே திறந்துவிடுவார்கள். அவரால் கடைக்கு ஒரு காசு லாபமும் இல்லை, ஒரு தொந்தரவும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

"அங்கிள், இன்னைக்கு வாட்ச் பாக்குறீங்களா, இல்ல வழக்கம்போலவா?" என்பாள் விற்பனைப் பெண்.

"வழக்கம்போலத்தாம்மா. புதுக் கேட்டலாக் வந்துருக்கா?"

"தண்ணி?"

"குடுத்தா குடிப்பேன்."

கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கொளியில் மினுங்கும் அசல் கடிகாரங்களின் பக்கம் அவர் திரும்புவதே இல்லை. ஏன் என்று கேட்டால், "அது ஓடிக்கிட்டே இருக்கும்மா. ஓடுறத எப்படி நிதானமாப் பாக்குறது?" என்பார். அவர் கையில் இருப்பது பல்பு கம்பெனிக்காரன் இனாமாகக் கொடுத்த பிளாஸ்டிக் கடிகாரம். மணி பார்க்க அது போதும். அழகு பார்க்க வீட்டில் மூன்று அலமாரி நிறையக் கேட்டலாக் இருக்கிறது.

கம்பெனிகளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, குடும்பங்களாகத்தான் பேசுவார். "மூத்த வீட்டுல இந்த வருஷம் புதுசா ஒண்ணும் இல்ல, போன வருஷத்துக்கே பவுடர் போட்டு விட்டுருக்கான்." "அந்தத் திமிர் புடிச்ச வீட்டுக் கேட்டலாக்குல படத்தவிட வெத்து எடம்தான் ஜாஸ்தி. தாளுக்கே காசு வாங்குவான் போல." கேட்டலாக்குடன் வரும் விலைத்தாளை மட்டும் கடை வாசலிலேயே நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடுவார். விலை கண்ணில் பட்டால் முள்ளின் வளைவு கண்ணில் படாது என்பது அவர் கட்சி. இந்தக் கொள்கையால் குடும்பத்துக்கு மிச்சமான பணத்தை யாராவது கணக்குப் போட்டிருந்தால் அவருக்குச் சிலையே வைத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பிராஸ் பாசாவில், பழைய புத்தகக் கடைகளுக்குக் கீழே உள்ள காப்பிக் கடையில் ரோஸ்லானோடு சபை கூடும். ரோஸ்லான் ஓய்வு பெற்ற சுங்க அதிகாரி. இதே நோய் உள்ளவர். ஒரே வருஷத்தின் ஜப்பான் பதிப்பையும் ஜெர்மன் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கடிகாரத்தின் நிழல் இங்கே இடப்பக்கம் விழுகிறது, அங்கே ஏன் வலப்பக்கம் விழுகிறது என்று இரண்டு காப்பி ஆறும்வரை சண்டை போடுவார்கள். குவெக்குக்கு ஒரே ஒரு வேதவாக்குதான்: கேட்டலாக்கில் இல்லாதது உலகத்தில் இல்லை.

"உனக்கு நெனப்பு, கேட்டலாக்கப் பாத்துத்தான் வாட்ச் செய்யறாங்கன்னு" என்பார் ரோஸ்லான்.

"பின்ன?" என்பார் குவெக்.

இந்த வேதவாக்கு இந்தச் சீனப் புத்தாண்டில் அவர் மகளின் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

மகள் ஷு யுன் ஓர் இளைஞனை விரும்பினாள். பையன் தங்கம். பையனின் அப்பா ஒங் கிம் ஹோக் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். புத்தாண்டின் ஏழாம் நாள், இரு வீட்டாரும் உணவகத்தில் சந்தித்துத் தேதி குறிப்பதாக ஏற்பாடு. புறப்படும்போது குவெக்கின் மனைவி பெக் லான் அவருடைய சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டபடியே சொன்னாள்:

"கை குடு. கைய மட்டும் குடு. மணிக்கட்டப் பாக்காத. வாட்சப் பத்தி ஒரு வார்த்த வந்துச்சு, உன் மூணு அலமாரியும் குப்பை வண்டியில போகும்."

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

"சின்னப் புள்ளைன்னா சொன்ன பேச்சக் கேக்கும்."

கிம் ஹோக் எழுந்து வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். இடது சட்டைக் கை மேலேறியது. குவெக் பார்த்துவிட்டார். மூத்த வீட்டுக் கடிகாரம். முக்குளிப்பவர்களுக்கென்று ஒரு காலத்தில் செய்தது. அதன் எல்லா வருஷத்துப் பதிப்பும், எல்லா மொழியும் அவரிடம் உண்டு. எல்லாவற்றிலும் டயல் கறுப்பு. கறுப்பைத் தவிர வேறு நிறம் கிடையாது. கிம் ஹோக்கின் கையில் இருந்த டயலோ நன்றாக முறுகின பலகாரம் மாதிரி பழுப்பாக இருந்தது.

போலி.

இந்த மனுஷனுக்கு அது போலி என்று தெரிந்திருந்தால் ஆள் ஏமாற்றுக்காரன். தெரியாமல் கட்டியிருந்தால் ஏமாளி. இதில் எந்த வீட்டுக்குப் பெண்ணைக் கொடுப்பது? வாய்விட்டுக் கேட்டால் கல்யாணம் நிற்கும். கேட்காவிட்டால் நெஞ்சு நிற்கும். எதிரில் மகள் அந்தப் பையனின் தட்டில் கோழித் துண்டை வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"செப்டம்பர்ல வச்சுக்கலாமா சம்பந்தி?" என்றார் கிம் ஹோக்.

"எந்தக் கடையில?" என்றார் குவெக்.

பெக் லானின் செருப்பு மேசைக்கடியில் அவர் கணுக்காலைத் தேடிப்பிடித்தது. "மண்டபத்தக் கேக்குறாரு. எந்த எடத்துலன்னு" என்று சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு நின்றது. கண்கள் அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருந்தன.

புத்தாண்டுக்கென்று எல்லாருமாகக் கிளறிச் சாப்பிடும் யூஷெங் தட்டு வந்தது. பச்சை மீன், துருவிய முள்ளங்கி, கேரட், வேர்க்கடலைப் பொடி. எல்லாரும் எழுந்து நின்று, குச்சிகளால் அள்ளி உயர வீசி, வாய்க்கு வந்த நல்ல வார்த்தையெல்லாம் சொன்னார்கள். கிம் ஹோக் கடல்காரர். அலை மாதிரி வீசினார். பிளம்ஸ் சாறு சொட்டும் ஒரு கொத்து முள்ளங்கி மேலே போய், திரும்பி வந்து, நேராக அவருடைய கடிகாரத்தின்மேல் விழுந்தது.

யோசிப்பதற்குள் குவெக்கின் கை வேலை செய்துவிட்டது. ஒரு கால்சட்டைப் பையிலிருந்து மெல்லிய துடைக்கும் துணி வந்தது. இன்னொரு பையிலிருந்து கண்ணில் இடுக்கிப் பார்க்கும் பூதக்கண்ணாடி வந்தது. அதை எடுத்துவரவில்லை என்று வீட்டில் அடித்துச் சொல்லியிருந்தார். இப்போது சம்பந்தியின் மணிக்கட்டைப் பிடித்தபடி, ஒரு கண்ணில் கண்ணாடியோடு நின்றார்.

மேசையில் குச்சிகள் அப்படியே அந்தரத்தில் நின்றன.

"பா" என்றாள் ஷு யுன், மெல்ல. "உக்காருங்க பா."

கிம் ஹோக் கையை உருவிக்கொள்ளவில்லை. "உள்ள வந்ததுலேருந்து இதையேதான பாக்குறீங்க சம்பந்தி. பொண்ணு பாக்க வந்தவன்கூட இவ்ளோ வெறிச்சுப் பாக்க மாட்டான். இந்தாங்க, கழட்டியே தர்றேன்."

குவெக் வாழ்நாளில் முதல்முறையாக ஓர் அசல் கடிகாரத்தைக் கையில் வாங்கினார். அசலா என்பதே கேள்வியாக இருந்த நேரம் அது. சாறு துடைத்தார். விளக்கடியில் சாய்த்தார். டயலின் ஓரம், வெளி வளையத்தின் விளிம்பு மறைத்திருந்த இடத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு வட்டம் தெரிந்தது. கன்னங்கரேல் என்று. கேட்டலாக்கில் இருந்த அதே கறுப்பு.

நிமிர்ந்தார். கிம் ஹோக்கின் இடது கை மேசைமேல் கிடந்தது. வெயிலில் காய்ந்து கறுத்த கை. அதில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் வட்டமாக, குழந்தையின் தோல் மாதிரி வெளுத்திருந்தது.

"கறுப்பு" என்றார் குவெக்.

"கறுப்புதான வாங்குனேன்" என்றார் கிம் ஹோக். "முப்பது வருஷம் படகு. வலது கை சக்கரத்துல, எடது கை ஜன்னலுக்கு வெளிய, வெயில்ல. என் மூஞ்சியே இப்பிடி ஆயிருச்சு. அது என்ன பண்ணும், பாவம்."

கிம் ஹோக்கின் மனைவி ஒரு கொத்து முள்ளங்கியை அவர் தட்டில் வைத்தாள். "மூஞ்சி மொதல்லேருந்தே இப்பிடித்தான்" என்றாள்.

குவெக் சிரிக்க ஆரம்பித்தார். பூதக்கண்ணாடி கண்ணிலிருந்து கழன்று மீன் தட்டில் விழுந்தது. பெக் லான் அதைக் குச்சியால் தூக்கித் தன் கைப்பைக்குள் போட்டு, பித்தானை அழுத்தி மூடினாள். "செப்டம்பர்" என்றார் குவெக், எல்லாருக்கும் கேட்கும்படி. "செப்டம்பர்லயே வச்சுக்கலாம். அதுக்கு முந்தி மண்டபம் கெடச்சாலும் சரி."

"புதுசுல எப்பிடி இருந்துச்சுன்னு எனக்கே மறந்து போச்சு" என்றார் கிம் ஹோக், கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே.

"எங்கிட்ட இருக்கு. வாங்க."

மறுவாரம் கிம் ஹோக் தோ பாயோவில் உள்ள குவெக்கின் வீட்டுக்கு வந்தார். கை கழுவச் சொன்னார்கள்; கழுவினார். குவெக் பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்த வருஷத்துக் கேட்டலாக்கை எடுத்து, பக்கத்தை விரித்தார். கிம் ஹோக் கடிகாரத்தைக் கழற்றிப் படத்தின் அருகில் வைத்தார். "அடடா, இவ்ளோ கறுப்பாவா இருந்தான் பய" என்று விழுந்து விழுந்து சிரித்தார். குவெக் சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். கிம் ஹோக் இரண்டாவது கோப்பைத் தேநீரையும் குடித்து முடித்துக் கிளம்பும்வரை அவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த நாள் காலையில் துணி காயப்போட வந்த பெக் லான், மூங்கில் கழியை ஜன்னலுக்கு வெளியே நீட்டப் போனவள் நின்றுவிட்டாள். ஜன்னல் கட்டையில் அந்தக் கேட்டலாக் உறையில்லாமல் விரிந்து கிடந்தது. மூடிக்கொள்ளாமல் இருக்க, கடையிலிருந்து கொண்டுவந்த மேசை விளக்கின் அடிக்கட்டை அதன் ஓரத்தில் பாரமாக இருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் குவெக்.

"என்ன பண்ற?"

"இவனுக்கும் கொஞ்சம் வெயில் படட்டும்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கழியை நீட்டினாள். அவருடைய வெள்ளைச் சட்டையின் நிழல் பக்கத்தின்மேல் விழுந்தது. குவெக் எழுந்து, கையை வெளியே எட்டி, சட்டையைக் கழியின் அந்தக் கோடிவரைக்கும் தள்ளிவிட்டார்.