ரசம் சாதத்தில் ஆறாத புண்

அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் சிந்தி என் வலது முன்கை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு ஸ்ரீரங்கம் வீட்டுக்குத் திரும்பியதும் கணவர் சமையலை ஏற்றுக்கொண்டார். பருப்பும் தயிரும் சேர்த்தால் சீழ் பிடிக்கும் என்று நம்பி, வேளைதோறும் ரசம் சாதமே கொடுத்தார். வாரங்கள் போயும் புண் ஆறவில்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"இப்படியே போனா வேற இடத்துத் தோலை எடுத்து ஒட்டணும்" என்ற டாக்டர், எங்கள் பத்தியத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "புதுத் தோல் வளர புரதம் வேணுங்க. ரசத்தை வெச்சு எப்படி வளரும்?"

அன்று மாலையே சுண்டல். மறுநாள் அடை, பருப்பு, கெட்டித் தயிர்.

"ஏங்க, இந்த அடையை உடைக்கச் சுத்தியல் இருக்கா?"

"கை ஆறட்டும், நீயே சுட்டுக்க!"

ஒட்டுத் தோல் இல்லாமலே கை ஆறியது. அடை மட்டும் இன்றும் அவர்தான் சுடுகிறார். இப்போது மெத்தென்று இருக்கிறது. தீக்காயம் பட்டவர்களைப் பார்க்கப் போனால், டாக்டர் என்ன சாப்பிடச் சொன்னார் என்றுதான் முதலில் கேட்கிறோம்.