‘சின்மொழி’க்கு ஒரு மணி நேரம்

ஆம்ப்ளிஃபயரில் கருகல் வாடை வந்தால் உடனே ஆஃப் செய்ய வேண்டும். மைக் செட் வேலையில் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான். மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் அந்த வாடை வந்தும், சுவிட்சில் கை வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மேடையில் வாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். நிச்சயதார்த்தத்தில் அவர் பேசும்போது கரண்ட் போய்விட்டதாம். பெண் வீட்டார் வேண்டுமென்றே நிறுத்திவிட்டார்கள் என்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டாராம். அதனால் பெண்ணின் அப்பா காலையிலேயே என்னிடம் வந்து சொல்லியிருந்தார்.

“அக்கா, அவரா முடிக்கிற வரைக்கும் மைக்கை நிறுத்திடாதீங்க. நிறுத்தினா எம் பொண்ணு காலத்துக்கும் பேச்சு வாங்கணும்.”

பேராசிரியர் “இரண்டே வார்த்தை” என்றுதான் ஆரம்பித்தார். முதல் வார்த்தை ‘சின்மொழி’. சில சொற்களில் அளந்து பேசுவதற்குச் சின்மொழி என்று பெயர். பழைய பாட்டுகளில் பெண்களை அந்தச் சொல்லால் பாராட்டுவார்கள் என்றார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே புரிந்துவிட்டது. அவருக்குத்தான் திருப்தியாகவில்லை. பாட்டுப் பாட்டாக எடுத்து விளக்கினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது வார்த்தை வரவே இல்லை.

சமையல்காரர் என்னிடம் வந்து, “ஏம்மா, அப்பளம் நமுத்துப் போச்சு. பெரியவருக்குப் பசிக்கவே பசிக்காதா?” என்றார்.

ஆம்ப்ளிஃபயரின் ஃபேன் நின்றிருந்தது. மூடியில் கை வைக்க முடியாத சூடு. என் பிழைப்பே அந்த ஒரு செட்தான். மறுநாள் மாதா கோயில் தேருக்கு வேறு ஒப்புக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் வாயே திறக்காதவள் நான். மைக் டெஸ்டிங்குக்கு ‘ஹலோ’ சொல்லக்கூடக் கூச்சப்பட்டு, விரலால் தட்டித்தான் பார்ப்பேன். அன்று வேறு வழியில்லை. மேடையேறி அவர் காதருகே, “ஐயா, போதும்” என்றேன். பக்கத்தில் மைக் இருந்ததை மறந்துவிட்டேன். நாலு ஹாரன் ஸ்பீக்கரிலும் அது தெருக்கோடி வரை கேட்டது.

மண்டபமே சிரித்தது. பெண்ணின் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். பேராசிரியர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகக் கும்பிட்டார்.

“இதுதாம்மா சின்மொழி! ஒரு மணி நேரமா நான் சொன்னதை ரெண்டே சொல்லுல சொல்லிட்டீங்க!”

அப்பாடா என்று இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைக்கும்போது ஹாரனில் அவர் குரல் கேட்டது. “இந்த அம்மா சொன்னதுல மூணு நயம் இருக்கு. முதல் நயம்...”

திரும்பிப் போய், மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்துவிட்டேன்.

செட் பிழைத்தது. ‘மைக் செட் அம்மா பொல்லாதவ’ என்று பேச்சு என்மேல்தான் வந்தது. பெண் வீட்டுக்கு வரவில்லை. பேராசிரியரும் பந்தியில் உட்கார்ந்து, மீதி இரண்டு நயத்தைப் பக்கத்து இலைக்காரருக்குச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சுருக்கமாகப் பேசுவது நல்லதுதான். பேசிய கையோடு மைக்கையும் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.