பேச்சியின் கரட்டுப் பாதை

இடது கை கவைக்கம்பால் முள் கொப்பைத் தள்ளிப் பிடித்திருந்தது. வலது கை அரிவாளை வீசி அதை அறுத்தது. கொப்பு விழுந்ததும் கவைக்கம்பு அதை ஓரத்துக்கு நகர்த்தியது. பிறகு கைகள் கடப்பாரைக்கு மாறின. சீமைக்கருவேலத்தைத் தரைக்கு மேலே வெட்டினால் வெட்டாததற்குச் சமம். ஒரு மழை பெய்தால் ஒன்றுக்கு நாலாகத் தழைத்து நிற்கும். அதனால் தூரைச் சுற்றி மண்ணைப் பிளந்து, வேர் பிரியும் இடத்துக்குக் கீழே கோடாலியை இறக்க வேண்டும். அந்தக் கைகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. விரல் இடுக்குகளில் எந்தச் சோப்புக்கும் போகாத கரி படிந்திருந்தது.

பேச்சி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். இருமல் வந்தது. அது அடங்கும்வரை கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

பாலவனத்தத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு, பந்தல்குடிக்கும் திருச்சுழிக்கும் இடையே இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு வந்தவள். மானாவாரி நிலம் கொஞ்சம் உண்டு. மழை பெய்த வருஷம் உளுந்தும் கம்பும் கிடைக்கும்; பெய்யாத வருஷம் கருவேலம்தான் விளையும். புருஷன் செல்லப்பாண்டி தூத்துக்குடி ரோட்டில் லாரிக்கு லோடு ஏற்றப் போகிறவன். அவன் வீட்டில் தங்குவது அபூர்வம். ஆகவே பேச்சிக்கு வேலை என்றால் கரிமூட்டம்தான். விறகை அடுக்கி, மேலே செத்தை போட்டு, ஈரமண் பூசி, உள்ளே தீ வைத்துவிட்டால், கரியாகும்வரை அதை விட்டு நகர முடியாது. மண் வெடித்துக் காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். புகைக்குள் நுழைந்து வெடிப்பை அடைக்க வேண்டும். பல வருஷமாக நுழைந்து நுழைந்து இப்போது நெஞ்சுக்குள் சத்தம் கேட்கிறது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "இனிமே பொகை பக்கமே போகக் கூடாது" என்றார். வேறு எந்தப் பக்கம் போவது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆனந்தகுமார் வந்து சேர்ந்தான். அருப்புக்கோட்டை பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூட்டாளிகளோடு தடித்த டயர் போட்ட கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரடு, கண்மாய்க்கரை, ஓடை என்று கிளம்பிவிடுவான். ஊருக்கு வடக்கே இருக்கும் மொட்டைக் குன்றான கரட்டில் ஏறி இறங்கப் பார்த்து, எல்லாச் சைக்கிளும் முள் குத்திப் பஞ்சராகி, பேச்சியின் மூட்டம் இருந்த இடத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தார்கள். பேச்சிதான் ஊக்கு கொண்டு டயரில் இருந்த முள்ளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துக் கொடுத்தாள்.

"ஏன் தம்பி, கெவுருமெண்டுல எம்புட்டு அழகா ரோடு போட்டு வச்சிருக்காக. அதுல ஓட்டுனா ஆகாதா?"

"ரோட்டுல என்னக்கா இருக்கு? இங்கதான் பள்ளம், பாறை, மேடு எல்லாம் இருக்கு."

"கீழ விழுறதுக்கு எடம் தேடி இம்புட்டு தூரம் வந்தீகளாக்கும்."

அவன் சிரித்தான். ஆனால் போகும்போது கரட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். அடுத்த வாரம் பஞ்சாயத்தில் கேட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டு அவளிடமே வந்தான். கரட்டு உச்சியிலிருந்து கண்மாய்க்கரை வரை, ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்கு முள் இல்லாத பாதை வேண்டும். மதுரைப் பக்கத்திலிருந்தும் ஆள் வருவார்கள். பாதை நன்றாக இருந்தால், வருஷம் பூராவும் அதைத் துப்புரவாக வைத்துக்கொள்ளும் வேலையை அவளுக்கே கொடுத்துவிடுவதாகச் சைக்கிள் சங்கத்தில் பேசியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம். அதிலேயே பஞ்சரானால் மறுபடி இந்தப் பக்கம் வர மாட்டார்கள். தென்னந்தோப்புக்காரர் ஒருவர் பாதைக்குத் தன் இடத்தைத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதாவது, பாதை தேறினால் புகை இல்லை. தேறாவிட்டால் திங்கட்கிழமை மூட்டம். விறகு வெட்டி அடுக்கித் தயாராகத்தான் கிடந்தது.

ஊரில் சிரிக்காதவர்கள் இல்லை. "பேச்சி சைக்கிளுக்கு வகிடு எடுக்கா" என்றார்கள். அவள் காதில் வாங்கவில்லை. தூர் எடுத்த குழிகளை மண் தள்ளி மிதித்து மூடினாள். ஓடை இறங்கும் இடத்தில் கரிசல் மண் டயரில் அப்பும் என்று சரளை அள்ளிக் கொட்டினாள். வெட்டிய கொப்புகளைப் பாதையோரமாகவே குவியல் குவியலாகப் போட்டுக்கொண்டு வந்தாள். அதுதான் வினையானது.

விதைப்புக் காலம். முளைத்த பயிரை மயிலும் ஆடும் விடாது. எல்லாப் புஞ்சைக்கும் வேலி வேண்டும். அந்த ஊரில் ஒருவர் வெட்டிய முள்ளை இன்னொருவர் வேலிக்குக் கேட்டால் இல்லை என்று சொல்வதில்லை. தண்ணீர் மாதிரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் முறைக்கு அண்ணனான தங்கசாமி வந்து, "ஏ பேச்சி, முள்ளு சும்மாதான கெடக்கு?" என்று கேட்டார். "எடுத்துக்கங்கண்ணே" என்றாள். நெஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் யோசிக்கவும் தெம்பில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கடைசியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்று போனவளின் கால் பாதையின் பாதியிலேயே நின்றுவிட்டது. தரையில் பாம்பு போனது போல் வரி வரியாக இழுத்த தடம். கொப்புகளைக் கயிற்றில் கட்டித் தரதரவென்று இழுத்துப் போயிருந்தார் தங்கசாமி. கரட்டைச் சுற்றி எங்கும் கல்லும் தூருமாகக் கிடக்க, இழுக்க வாகான ஒரே தடம் அவள் செய்த பாதைதான். வழி நெடுக முள் உதிர்ந்து கிடந்தது. பாதி மண்ணுக்குள்.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே படுத்துக்கொண்டால் தேவலை என்றுதான் இருந்தது. பிறகு எழுந்து தங்கசாமியின் புஞ்சைக்கு நடந்தாள்.

"அண்ணே, நீங்க செஞ்சது நல்லாருக்கா?"

"என்னத்த செஞ்சேன்? நீதான எடுத்துக்கன்ன!"

"எடுத்துக்கத்தான் சொன்னேன். எம்பாதைய உழுதுட்டுப் போகச் சொன்னேனா?"

தங்கசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பாதை வழுவழுன்னு கெடந்துச்சா... கயிறு தானாப் போச்சு தாயி."

"தானாப் போன கயிறு தானாத் திரும்பி வரட்டும். ரெண்டு சாக்கை நனைச்சு எடுத்துட்டு வாங்க."

விளக்குமாற்றால் கருவேல முள்ளைப் பெருக்க முடியாது; மேலே கிடப்பது போகும், புதைந்தது நிற்கும். ஈரச் சணல் சாக்கில் கல்லைக் கட்டி மெதுவாக இழுத்தால் முள் சாக்கில் ஏறிக்கொள்ளும். மூட்டம் பிரிக்கும் இடத்தில் கால் வைக்கத் தரையைச் சுத்தம் செய்கிற முறை அது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை நின்று, சாக்கைப் புரட்டி, முள்ளைப் பிடுங்கி, திரும்ப நனைத்து இழுக்க வேண்டும். தங்கசாமி முன்னால் இழுத்தார். பேச்சி பின்னாலேயே குனிந்து, சாக்கு விட்டதைக் கையால் பொறுக்கினாள்.

"முள்ளை இழுக்கும்போது இம்புட்டு கனம் இல்ல பேச்சி."

"பேசாம இழுங்க. வாயைத் தொறந்தா எனக்கு இருமல் வருது."

சாக்கு வேலை முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அதோடு விடமுடியவில்லை. மிச்சக் குவியல்கள் பாதையோரமாகவே இருந்தால் நாளைக்கு இன்னொருவர் கயிற்றோடு வருவார். முள் கிடையாது என்று ஊரில் சொல்லவும் அவளால் முடியாது. ஆகவே ஒவ்வொரு குவியலையும் கவைக்கம்பில் தூக்கி, பாதைக்கு அந்தப் பக்கம், புஞ்சைகளைப் பார்த்த சரிவில் கொண்டுபோய்ப் போட்டார்கள். இனிக் கேட்கிறவர்கள் அந்த வழியாகவே வந்து எடுத்துப் போகலாம். கடைசிக் குவியலைப் போட்டுவிட்டுத் தங்கசாமி சாக்குகளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் கண்மாய்க்கரையில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. பேச்சி சோர்ந்துபோய்ச் சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தங்கசாமியும் வந்திருந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, நேத்து நான் ஒரு காரியம் பண்ணிப்புட்டேன். ஆனா எல்லாத்தையும் எடுத்தாச்சு."

பேச்சி அவரை முறைத்தாள். ஆனந்தகுமார் என்ன காரியம் என்று கேட்டான்; தங்கசாமி சொன்னார். அவன் முகம் மாறியது.

"அக்கா, இவ்வளவு பேரு வந்திருக்காங்க. வேணும்னா ஒரு வாரம் தள்ளிப்..."

"தள்ள வேணாம் தம்பி." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "நான் முன்னால நடக்கேன். சைக்கிளை உருட்டிக்கிட்டு வாங்க."

"ஒன் காலுக்கு முள்ளு எங்க தெரியப்போகுது?" என்றார் தங்கசாமி. "அது காலா? லாரி டயருல்ல!"

கூட்டம் சிரித்தது. ஆனந்தகுமார் சிரிக்கவில்லை. குனிந்து ஷூவைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து ஹேண்டில்பாரில் மாட்டினான். "எங்காலுக்குத் தெரியும். வாங்க."

இருவரும் ஏறினார்கள். பேச்சி மூச்சுக்கு நின்று நின்று நடந்தாள். பாதியில் அவன் "ஆ" என்று காலைத் தூக்கினான். பேச்சி சட்டென்று குனிந்தாள். அவன் பாதத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு சரளைக்கல் ஒட்டியிருந்தது.

"கல்லுத்தான்" என்றான் அவனே.

"கல்லு நான் போட்டதுதான்."

உச்சிக்கு வந்தபோது அவன் உள்ளங்கால் இரண்டும் சிவந்திருந்தன. முள் ஒன்றுகூட ஏறவில்லை. பாறையில் உட்கார்ந்து ஷூவை மாட்டினான். பேச்சி பக்கத்திலேயே உட்கார்ந்து, முழங்காலை இரு கைகளாலும் அமுக்கிக்கொண்டு அவன் வாயைப் பார்த்தாள்.

"நாளையில இருந்து நீங்களே பாத்துக்கிடுங்கக்கா. சங்கத்துல சொல்லிர்றேன்."

"இனி மூட்டத்துக்குப் போகலன்னு நானும் டாக்டரம்மாகிட்ட சொல்லிர்றேன்."

அவன் சைக்கிளில் ஏறி ஒரு காலை ஊன்றி நின்றான். பேச்சி எழுந்து வழியைவிட்டு விலகி, கீழே கண்மாய்க்கரை வரை வளைந்து போன அந்த வெளிறிய கோட்டைக் கையால் காட்டினாள்.

"இந்தாங்க தம்பி. ஒங்க பாதை."