ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்த மூன்றாவது படம்

அண்ணே.

கூப்பிட்டால் "என்னா இப்ப?" என்று எரிந்து விழுவாயே. கூப்பிடுகிறேன், விழு பார்ப்போம். உடம்பு கொதிக்கிறது, கிளினிக்குக்குப் போ என்று அம்மா கெஞ்சினார். நாளைக்கு ஒரு கல்யாணம் எடுக்க வேண்டும், முடித்துவிட்டுப் போகிறேன் என்று சொன்னாய். யாரோ ஒருத்தியின் தாலி கட்டு உனக்கு அவ்வளவு முக்கியமாகிவிட்டது. படம் எடுத்துவிட்டு வந்து படுத்தாய். டெங்கி என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது உனக்கு நினைவே இல்லை. உன் மேல் எனக்கு இருக்கும் கோபம் வேறு யார் மேலும் இல்லை. மாமா மேல்கூட இல்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு மாமா யார் என்று சொல்லிவிடுகிறேன். என் அக்காவைக் கட்டியவர். சிங்கப்பூரில் வேலை. நான் பாரம் த்ரீ, அதாவது ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மலேசியாவில் கெலாங் பாத்தா என்ற ஊரில் ஒரு டோபிக் கடையில் துணி மடிக்கிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்த மாதிரி சொல்ல வரும்.

அண்ணனுக்கும் மாமாவுக்கும் சண்டை கேமராவால்தான். அண்ணனிடம் இருந்தது பழைய டிஎஸ்எல்ஆர். யாரோ அடித்து ஓட்டிவிட்டு விற்றதை வாங்கினான். கைப்பிடி ரப்பர் உரிந்து, பசை போட்டு ஒட்டியிருந்தான். வெயிலில் பசை இளகி விரலில் பிசுபிசுக்கும். இரண்டு லென்ஸ். ஒன்றில் பூஞ்சை பிடித்துவிட்டது, நம் ஊர் ஈரத்துக்கு அது நடக்கும். நல்லதாக இருந்த இன்னொன்றில் ஜூம் கிடையாது. கிட்டே வேண்டும் என்றால் நாம்தான் கிட்டே நடக்க வேண்டும். பின்னால் இருக்கும் திரையில் படம் எடுத்த பிறகுதான் தெரியும். அதற்கு முன்னால் அது வெறும் கறுப்பு. மேலே இருக்கும் சின்ன ஓட்டையில் கண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

மாமாவிடம் இருந்தது சூப்பர்ஜூம். தூரத்தில் இருந்து பார்த்தால் அதுவும் டிஎஸ்எல்ஆர் மாதிரியே இருக்கும், ஆனால் லென்சைக் கழற்ற முடியாது. பொத்தானைத் தள்ளினால் முனகிக்கொண்டே மூக்கு நீளும், நீளும், நீண்டுகொண்டே இருக்கும். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் மாமா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார். சாப்பிட உட்கார்ந்தவர்களிடம் நிலாவைக் காட்டுவார். நிலாவில் இருக்கும் குழியெல்லாம் தெரியும். எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் அந்த நிலாவைப் பல தடவை பார்த்திருக்கிறோம்.

ஒருமுறை குடும்பத்தோடு மெர்சிங் போனோம். படகுத் துறையில் நின்று மாமா கடலில் தூரத்தில் போன ஒரு மீன்பிடிப் படகைப் பிடித்தார். படகின் பக்கத்தில் எழுதியிருந்த நம்பர் தெரிந்தது. அண்ணனின் படத்தில் அது கடலில் விழுந்த மிளகு மாதிரி இருந்தது. மாமா இரண்டையும் ஊருக்கே காட்டினார்.

"மச்சான், உன் கேமராவுக்குக் கண்ணாடி போடணும் போல."

பிறகு அக்காவுக்கு வளைகாப்பு நடந்தது. மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. மாமா தன் பெண்டாட்டியைத் தானே எடுத்தார். அண்ணனும் எடுத்தான். மாமாவின் படத்தில் அக்காவின் முகம் மெழுகில் செய்து வெயிலில் வைத்த மாதிரி வழுவழு என்று இருந்தது, மூக்கும் கன்னமும் ஒன்றாகிப் போயிருந்தன. அண்ணனின் படத்தில் அக்காவின் மேல் உதட்டில் இருந்த வியர்வை தெரிந்தது. அதை அவன் மாமாவின் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். வேண்டும் என்றே. அவனும் லேசுப்பட்டவன் இல்லை.

இப்போது அண்ணனின் கூட்டாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயர் கடையில் வேலை செய்கிறவர். அவருடைய அம்மாவுக்கு உடம்பு மோசமாகிப் பிழைத்தபோது, மூன்று வருஷம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். அண்ணன் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தான். ஒவ்வொரு வருஷமும் ஒரே நேரம், ஒரே படம். காவடியை இறக்கி, வாயில் குத்திய அலகை எடுத்த உடனே, அவருடைய அம்மா அவருக்குப் பால் கொடுப்பார். அந்த நேரத்தில் அம்மாவின் முகமும் மகனின் முகமும். மூன்று வருஷம் முடிந்ததும் மூன்று படங்களும் அவர்கள் வீட்டுச் சுவரில் வரிசையாக இருக்கும். இரண்டு வருஷம் அண்ணன் எடுத்துக் கொடுத்தான். இரண்டும் மாட்டியாகிவிட்டது. மூன்றாவதுக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள். அண்ணன் தீபாவளி முடிந்து செத்துப்போனான்.

அந்த மூன்றாவது படத்தை நான் எடுப்பது என்று முடிவு செய்தேன். அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே அலைந்தவள், அந்தக் கேமரா எனக்குப் பழக்கம். ஆனால் எங்கள் வீட்டுக்குத் தீட்டு. பூசாரி முப்பது நாள் போதும் என்றார். என் பெரியம்மா பூசாரியைவிடப் பெரியவர். ஒரு வருஷத்துக்குக் கோயில் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். வந்த வீட்டில் மைலோ குடித்தார், பிஸ்கட் சாப்பிட்டார், அதற்கெல்லாம் தீட்டு இல்லை. நான் பெரியம்மாவை மதிக்கவில்லை. போகத்தான் இருந்தேன். கூட்டாளியின் அம்மா போன் செய்தார்.

"கோச்சுக்காதம்மா. என் உசுருக்காகப் புள்ள எடுக்கிற காவடி. குத்தம் ஏதும் ஆயிடக் கூடாதும்மா. நீ உள்ள வராத."

அவர் அழுதுகொண்டே சொன்னார். நான் போனை வைத்துவிட்டுக் கடையில் இருந்த துணிக் கூடையை உதைத்தேன். என்னைத் தொட்டால் சாமி செத்துவிடுமா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. பயப்படுகிற ஒரு அம்மாவிடம் அதைக் கேட்க முடியாது. உள்ளே வரவில்லை என்று திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன்.

தைப்பூசத்தன்று காலையில் கோயிலுக்கு எதிரே, ரோட்டுக்கு இந்தப் பக்கம், பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் வாசல் வழியாக, காவடி இறக்கும் இடம் நேராகத் தெரியும். தெரியும் என்றால், கண்ணுக்குத் தெரியும். அண்ணனின் கேமராவில் பார்த்தேன். வாசல், பந்தல், போலீஸ்காரர், பலூன் விற்கிறவர், எல்லாம் இருந்தது. காவடி இறக்கும் இடத்தில் நிற்கிறவர்கள் நகக்கண் அளவுகூட இல்லை.

மாமா அக்காவோடு வந்தார். கட்டிக் கொடுத்த பெண்ணுக்குத் தீட்டு சீக்கிரம் கழிந்துவிடும், அதனால் அக்கா உள்ளே போகலாம், மாமாவும் போகலாம். கூடப் பிறந்தது ஒரே வயிற்றில்தான், கணக்கு மட்டும் வேறு. மாமா கழுத்தில் அந்த நீள மூக்கு. என் கையில் இருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"இங்கருந்து எடுத்தா எறும்புதான் பாப்பா தெரியும். இந்தா, என்னுத புடி. சும்மா பாரு லா."

வாங்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாங்கினேன். பொத்தானைத் தள்ளினேன். கோயில் என் மேல் வந்து விழுந்தது. உள்ளே நின்ற பூசாரியின் காதில் இருந்த முடி தெரிந்தது. கொஞ்சம் கை அசைந்தால் கோயிலே எங்கோ ஓடிப்போனது, பஸ் ஸ்டாப் தூணில் தோளைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் உள்ளே தகரக் கூரை, சாம்பிராணிப் புகை, வெளிச்சம் இல்லை. ஒன்று எடுத்துப் பார்த்தேன். பூசாரியின் முகம் ரவையைக் கொட்டின மாதிரி இருந்தது. இந்தக் கேமராவுக்குத் தூரம் தெரியும், இருட்டு தெரியாது. அண்ணனுடையதற்கு இருட்டு தெரியும், தூரம் தெரியாது. இரண்டும் இருந்து என்ன, இரண்டையும் சேர்க்க முடியாது.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. நான்தான் உள்ளே போகக் கூடாது, கேமரா போகலாம். என் கேமராவை மாமா எடுத்துக்கொண்டு உள்ளே போகட்டும், மாமாவின் கேமராவோடு நான் இங்கே நிற்கிறேன். கேட்டேன். அண்ணனின் கேமராவை அவர் ஏதோ ஊறுகாய் பாட்டில் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் நான் சரி செய்து வைத்திருந்தேன். எதையும் திருக வேண்டாம், ஓட்டையில் கண்ணை வைத்து, பாதி அமுக்கி, பிறகு முழுதாக அமுக்குங்கள் என்று சொன்னேன். இத்தனை வருஷமாகப் படம் எடுக்கிற எனக்கு நீ சொல்லித் தருகிறாயா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

மேளச் சத்தம் வந்தது. கூட்டாளி காவடியோடு ஆடிக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போனார். என்னைப் பார்க்கவில்லை. அவர் கண்ணில் அப்போது யாரும் இல்லை. உள்ளே காவடியை இறக்கினார்கள். நான் மாமாவின் கேமரா வழியாக மாமாவைத் தேடினேன். கிடைத்தார். கூட்டாளிக்கு மிகக் கிட்டே, அண்ணன் நிற்கும் அதே இடத்தில் நின்றார். அண்ணனின் கேமராவைக் கையை நீட்டி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, பின்னால் இருக்கும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் படம் தெரியும் என்று காத்திருந்தார், அவருடையதில் தெரிகிற மாதிரி. தெரியவில்லை. கேமராவைக் குலுக்கினார். அடியில் ஒரு தட்டுத் தட்டினார். எங்கேயோ அமுக்கினார்.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கத்தினேன். கண்ணை வையுங்கள் மாமா, கண்ணை வையுங்கள் என்று. பஸ்ஸுக்கு நின்ற வங்காளதேசத்து ஆள் ஒருவர் பயந்து தள்ளி நின்றார். மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அதற்குள் அலகை எடுத்துவிட்டார்கள். அம்மா பால் டம்ளரோடு வந்துவிட்டார். மாமாவை விட்டுவிட்டு நான் அவர்கள் பக்கம் திருப்பினேன், யாரோ ஒருவரின் தோள் குறுக்கே வந்தது, போனது, அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

மாமா வெளியே வந்து கேமராவை என் கையில் வைத்தார்.

"ஸ்க்ரீனே வரல. செத்த சாமானக் குடுத்து அனுப்பிச்சிருக்க."

"அது சாகல. உங்களுக்குத்தான் பாக்கத் தெரியல."

ரோட்டில் நின்று சொன்னேன். நிலாவையே பார்த்துக்கொண்டு இருந்தால் பக்கத்தில் இருக்கும் மனுஷன் எப்படித் தெரியும் என்றும் சொன்னேன். இன்னும் சில வார்த்தைகள் சொன்னேன், எழுத முடியாது. அக்கா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு அழுதாள். மாமா தண்ணீர்ப் பந்தலுக்குப் போய் மோர் வாங்கிக்கொண்டு வந்து அக்காவுக்குக் கொடுத்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். நான் வாங்கவில்லை.

வீட்டில் அண்ணனின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அண்ணனின் கேமராவில் ஒரு தூண், யாரோ ஒரு அம்மாவின் கொண்டை, பிறகு ஒரே ஒரு நல்ல படம். டம்ளர் பிடித்த கை, மகனின் தாடை, அலகு குத்திய இடத்தில் ஒட்டியிருந்த விபூதி. கையில் இருந்த ரேகைகூடத் தெரிந்தது. நிறமெல்லாம் அண்ணனின் படத்தில் இருக்கும் நிறம்தான். ஆனால் அம்மாவின் முகம் இல்லை, மகனுக்குக் கண் இல்லை. மாமாவின் கேமராவில் இரண்டு முகமும் இருந்தது. புகையும் இருந்தது, ரவையும் இருந்தது. முகங்கள் இருந்தன, தோல் இல்லை.

விரதம் முடித்துக் கூட்டாளி டோபிக் கடைக்கு வந்தார். இரண்டையும் காட்டினேன். அவர் யோசிக்கவே இல்லை, மாமாவின் கேமராவில் இருந்ததைத் தொட்டார். பெரிதாகப் போட்டால் முகம் கரைந்து போகும் என்றேன். பரவாயில்லை என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"எங்க அண்ணன் இதை உங்களுக்குக் குடுத்திருக்கவே மாட்டான்."

"உங்க அண்ணன் இருந்திருந்தா இது எனக்கு வேண்டியே இருந்திருக்காது தங்கச்சி."

சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் காய்கிற துணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது படத்தை மாட்டிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். முதல் இரண்டும் அப்படியே எதிரில் ஆள் நிற்கிற மாதிரி இருக்கிறது. மூன்றாவது, மழை பெய்யும்போது பஸ் கண்ணாடி வழியாகப் பார்த்த மாதிரி. வருகிறவர்கள் எல்லாம் இது மட்டும் ஏன் இப்படி என்று கேட்கிறார்களாம். "இது வெளியே நின்னு எடுத்தது" என்று அந்த அம்மா சொல்கிறாராம். அதற்கு மேல் சொல்வதில்லை. என்னை உள்ளே வராதே என்று சொன்னவர் அவர்தான். அந்தப் படத்தின் கீழே என்னை உட்கார வைத்து, என் தட்டில் மறுபடி மறுபடி சோறு போட்டார். சாப்பிட்டேன். கோபம் போகவில்லை.

மாமா தன் கேமராதான் ஜெயித்தது என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். அந்தப் படத்தை எடுத்தது அவருடைய கேமராதான், அதை நான் மறுக்க முடியாது. மன்னிக்கவும் இல்லை.

பெரியம்மா கணக்குப்படி வருஷம் திரும்பும்வரை எங்கள் வீட்டில் யாரும் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அம்மா போக முடியாது, நான் போக முடியாது. அக்கா வேறு வீட்டுக் கணக்கு. அண்ணனுக்காக உள்ளே நின்று ஒரு வார்த்தை கேட்க இந்த வீட்டில் ஆள் இல்லை. இதைப் படிக்கிற உங்களுக்கு உள்ளே போக வழி இருக்கிறது. கோயிலோ, சர்ச்சோ, வீட்டில் சாமி படம் இருக்கும் மூலையோ, எங்கே என்றாலும் சரி. போகும்போது அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. கெலாங் பாத்தாவில் கல்யாணத்துக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தான், காய்ச்சலோடு போய் எடுத்தான் என்று சொல்லுங்கள், சாமிக்குத் தெரியும். அவன் இருக்கும் இடத்தில் உடம்பு சுடாமல் இருக்க வேண்டும் என்று எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்.