வெயிலுகந்தம்மாள் கேட்காத பாட்டு

வெயிலுகந்தம்மாளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தது அஞ்சாம் வகுப்பு வரைக்குமான பள்ளிக்கூடம். தட்டுத்தடுமாறாமல் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது சினிமாப் பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலில் விற்கும் அந்த மெலிசுப் புத்தகங்களை ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். கல்யாணமாகி கோவில்பட்டிக்கு வந்தபோது சீர்ப் பாத்திரங்களோடு அந்த டப்பாவும் வந்தது.

அப்பேர்ப்பட்டவள் சினிமாப் பாட்டை விட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

மகள் ஜெயப்பிரியாவுக்கு அப்போது ஒன்றரை வயது. மூளைக்காய்ச்சல் கண்டு, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஐந்து நாளாகப் பிள்ளை கண் திறக்கவில்லை. இவள் அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்து நாடியைத் தேடித் தேடிப் பார்த்தபடியே ராப்பகலாக உட்கார்ந்திருந்தாள். ஆறாம் நாள் காலையில் பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டு பஸ் ஏறிக் கோவில்பட்டிக்கு வந்து, செண்பகவல்லி அம்மன் முன்னால் நின்றாள். மொட்டை நேர்வார்கள், வெள்ளியில் கண்மலர் நேர்வார்கள். அவளுக்கு அதெல்லாம் சின்னதாகத் தெரிந்தது.

"தாயே, எனக்கு ரொம்பப் புடிச்சது பாட்டுதான். ஆயுசுக்கும் இனி சினிமாப் பாட்டைக் காதால கேக்கமாட்டேன். எம்பிள்ளைய எங்கிட்ட குடுத்துரு."

அவள் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டிருந்தது.

நேர்வது ஒரு நிமிஷம். காப்பாற்றுவதுதான் பாடு. பஸ்ஸில் பாட்டு, டீக்கடையில் பாட்டு, கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில்கூட ரெண்டு சாமி பாட்டுக்கு அப்புறம் சினிமாதான். அவள் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆபீஸில் காலை முதல் சாயங்காலம் வரை ஸ்பீக்கர் கத்தும். அதனால் பண்டல் போடும் வேலையை, குச்சி காயப்போடும் களத்துப் பக்கம் கடைசி மூலைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள். புருஷன் சௌந்தரபாண்டியன் குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். லோடு வண்டியில் பாட்டு இல்லாமல் ஒரு மைல் போகமாட்டார். ஆனால் தெருமுனை திரும்பும்போது பாட்டை நிறுத்திவிடுவார். தூரத்தில் வரும் பாட்டுச் சத்தம் பட்டென்று அறுந்தால், இவள் அடுப்பில் தோசைக்கல்லைப் போடுவாள்.

இந்த வருஷம் பொங்கலுக்கு ஜெயப்பிரியா வந்தாள். கோயம்புத்தூரில் கண்ணாஸ்பத்திரி ஒன்றில் கண்ணாடிக்கு அளவு பார்க்கும் வேலை அவளுக்கு. காதை முழுசாக மூடுகிற ஒரு ஹெட்செட்டை அம்மாவிடம் நீட்டினாள்.

"இது சினிமா இல்லம்மா. சாத்தூர்ப் பிள்ளைக நாலு பேரு, அவங்களே எழுதி அவங்களே பாடி போன்ல போடுதாங்க."

"படத்துல வராதோ?"

"வராது."

"யாரும் ஆடுவாகளா?"

"ஒருத்தரும் ஆடமாட்டாங்க. ஒரு பிள்ளை கிடாரோட ஸ்டூல்ல உக்காந்திருப்பா. போதுமா?"

"நீ அப்படித்தாம்ட்டி சொல்லுவ. உங்கப்பா வரட்டும்."

சௌந்தரபாண்டியன் வந்து, ஹெட்செட்டைத் தன் பெரிய தலையில் இழுத்து மாட்டி, கண்ணை மூடிக் கேட்டார். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாப்பது வருசத்துப் படத்துல எதுலயும் இது இல்ல. கேளு வெயிலு."

அந்த நாலு பேர் கூட்டத்துக்கு 'உடங்காடு' என்று பெயர். பாடுகிற பெண் சோலை. சோளத்தட்டைப் படப்பின் மேல் காயப்போட்ட ஒரு சேலையைப் பற்றிய பாட்டு அது.

'காத்து வந்து தூக்குது, காஞ்ச சேலை பறக்குது,
புடிக்க ஒரு ஆளில்லாம ஊரைத் தாண்டிப் போகுது.'

தன் சேலையே அப்படி ஒரு நாள், பிறந்த ஊரான எப்போதும்வென்றானில், காட்டில் பறந்து போனது வெயிலுகந்தம்மாளுக்கு ஞாபகம் வந்தது. முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. விரலால் மட்டும் 'இன்னொரு மட்டம்' என்று காட்டினாள்.

அதோடு வீடே மாறிப்போனது. மூன்று பேருக்கும் போனில் ஒரு குரூப். கோயம்புத்தூரிலிருந்து மகள் ஒன்று அனுப்புவாள். அம்மா இங்கிருந்து இரண்டு அனுப்புவாள். வேம்பாரில் வலை பின்னிக்கொண்டே பாடும் ஒரு பையனைக் கண்டுபிடித்தது அவள்தான். பாஷையே தெரியாத ஒரு மலைநாட்டுப் பெண்ணின் பாட்டையும் அனுப்பி, 'தாயி பிள்ளையத் தேடுதா போல இருக்கு' என்று கீழே எழுதினாள். ஆனால் எந்தப் பாட்டும் முதலில் அப்பா காதுக்குத்தான் போகவேண்டும். அவர் லோடு இறக்குகிற இடத்தில் நின்று கேட்டுவிட்டு 'சினிமா இல்லை' என்று பேசி அனுப்பிய பிறகே அவள் தொடுவாள். ஜெயப்பிரியா அவருக்குச் சென்சார் ஆபீசர் என்று பெயர் வைத்தாள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

இந்த ஆனி மாசம் 'உடங்காடு' கோவில்பட்டிக்கே பாட வருவதாகச் செய்தி வந்தது. எட்டயபுரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. மகள் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டு ஊருக்கு வந்தாள். சௌந்தரபாண்டியன்தான் என்னவோ இழுத்தார்.

"எனக்கு லோடு இருக்கு. போன்ல கேக்கதுதானே. அங்கன போயி என்னத்துக்கு?"

"ஞாயித்துக்கிழமை என்ன லோடு? பட்டுச் சட்டைய எடுத்து வச்சிருக்கேன், மாட்டுங்க" என்றாள் வெயிலுகந்தம்மாள்.

மண்டப வாசலில் சந்தனக் கிண்ணம் இருக்கும் என்று நினைத்துக் கையை நீட்டினாள். அங்கே நின்ற பெண் மூன்று பேர் மணிக்கட்டிலும் டிக்கெட் முத்திரை குத்திவிட்டாள். "ஏட்டி, குளிச்சா போயிருமா இது?" என்று மகளைக் கேட்டுக்கொண்டே, சோலைக்காக வாங்கிய கடலைமிட்டாய்ப் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள்.

ஐந்து பாட்டு போனது தெரியவில்லை. ஸ்பீக்கரிலிருந்து வரும் தவில் அடி நெஞ்சுக்குள் விழுந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம், "இதை நான் சித்திரையிலேயே கேட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டாள். சௌந்தரபாண்டியன் மட்டும் வேர்த்து வேர்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சோலை மைக்கைப் பிடித்தாள். "அடுத்தது நம்ம சேலைப் பாட்டு. போன மாசம் படத்துல வந்ததுக்குப் பெறகு ஊரெல்லாம் இதைத்தான் கேக்குது. ஒரு நிமிசம் இருங்க, கம்பி இறங்கிட்டு, சரி பண்ணிக்கிடுதேன்."

மண்டபமே கைதட்டியது. வெயிலுகந்தம்மாள் திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். கேட்க வேண்டியதே இல்லை. கடலைமிட்டாயை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து, பின்வாசல் வழியாகப் பந்திக் கூடத்துக்குப் போனாள். இரண்டு பேரும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மூணு வாரமா. புரோட்டாக் கடை டிவியில பாத்தேன்."

"மூணு வாரமும் நான் தினம் அந்தப் பாட்டைக் கேட்டேனே. வீட்டுலதானே இருந்தீங்க?"

"இருவத்திரெண்டு வருசம் கழிச்சு உனக்கு ஒண்ணு கெடச்சிருக்கு, வெயிலு. அதையும் எங்கையால புடுங்கச் சொல்லுதியா?"

ஜெயப்பிரியா அம்மாவின் தோளைப் பிடித்தாள். "ம்மா, சோலை எழுதும்போது இது சினிமாப் பாட்டு இல்லையே. பெறகுதானே படத்துக்குப் போச்சு? அம்மனுக்கு இது தெரியாதா?"

"தெரியும்ட்டி. அவளுக்கு எல்லாம் தெரியும். அவகிட்டப் போயி நான் வக்கீல் மாதிரிப் பேசவா?" வெயிலுகந்தம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இத்தனை வருசத்துல விட்டதே மறந்துபோச்சு எனக்கு. வலியே இல்லாம இருந்தேன். இன்னைக்குத்தான் நெசமா அம்மனுக்கு ஒண்ணு குடுக்க மாதிரி இருக்கு. குடுத்துருதேன்."

பிறகு புருஷனைப் பார்த்தாள். "தெரியாமக் கேட்டது நான். தெரிஞ்சு கம்முனு இருந்தது நீங்க. செவ்வாக்கிழமை கோயில்ல நீங்க தேங்காய் உடைக்கணும்."

"ஒம்போது உடைக்கேன்" என்றார் அவர்.

உள்ளே கிடார் சரியாகிவிட்டது. முதல் கம்பி அதிர்ந்ததும் ஜெயப்பிரியா பையிலிருந்து அந்த ஹெட்செட்டை எடுத்து, எந்தப் பாட்டும் போடாமல், அம்மாவின் காதில் மாட்டி இரண்டு கையாலும் அமுக்கினாள். உலகம் கிணற்றுக்குள் போன மாதிரி அடங்கிவிட்டது. சௌந்தரபாண்டியன் கதவோரம் போய்க் காவல் நின்றார்.

தன்னையறியாமல் மகளின் உதடு அசைவது வெயிலுகந்தம்மாளுக்குத் தெரிந்தது. சேலை எந்த இடத்தில் பறக்கிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். கண்ணையும் மூடிக்கொண்டாள். மேஜையில் வைத்த கையில் தவில் அதிர்ந்தது. அந்தக் கையை எடுத்து, காதை அமுக்கிக்கொண்டிருந்த மகளின் மணிக்கட்டைப் பற்றினாள்.

முத்திரை குத்திய இடத்துக்குக் கீழே நாடி துடித்தது. நிதானமாக, ஒன்றுவிடாமல் துடித்தது. பாளையங்கோட்டையில் தேடித் தேடிப் பார்த்த அதே இடம். அவள் விரலை எடுக்கவே இல்லை. முழுப் பாட்டு நேரமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மகள் கையை விலக்கியதும் கண்ணைத் திறந்தாள். கதவோரத்தில் சௌந்தரபாண்டியன் லோடு வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்வதுபோல் இரண்டு கையையும் ஆட்டி, 'வரலாம், வரலாம்' என்று காட்டிக்கொண்டிருந்தார். கண்ணைப் பட்டுச் சட்டையிலேயே துடைத்திருப்பார் போல, தோள் நனைந்திருந்தது.

ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டே, "அடுத்தது என்ன பாட்டு?" என்று கேட்டாள்.

"தெரியாது. இன்னைக்குத்தான் மொதல் மொதல்ல பாடுதாளாம். எந்தப் படத்துலயும் வந்திருக்காது" என்றார் அவர். "நானும் கேட்டதில்ல. இந்த மட்டம் நீ கேட்டுட்டு எனக்குச் சொல்லு."

வெயிலுகந்தம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு, அவருக்கு முன்னால் உள்ளே போனாள்.