கஸ்தூரி மிஸ் கைவிட்ட சொல்

செய்தி வந்தபோது நான் ஒரகடத்தில், தொழிற்சாலையின் அளவுகோல் அறையில் இருந்தேன். கருவிகள் காட்டும் அளவு சரிதானா என்று சோதிப்பது என் வேலை. அந்த அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து பார்த்தால் முனுசாமி அண்ணனிடமிருந்து ஏழு அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டேன்.

"தம்பி, நம்ம மிஸ்ஸு பூட்டாங்கப்பா. காத்தால நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போற வயிலயே முடிஞ்சிடுச்சி."

என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வியை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "மாத்திரை ஒழுங்கா போட்டுட்டு இருந்தாங்களா?"

"டேய், இன்னா ஆளுடா நீ? செத்தவங்களப் பத்தி கேக்கற கேள்வியா இது?" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று கோபித்துக்கொண்ட அவர்தான் இதை எழுதும்படி என்னிடம் சொன்னார். "அவங்கள ஜாஸ்தி சந்தேகப்பட்டவன் நீதான். மத்தவன்லாம் தெய்வம்னு எய்திடுவான். நீ எய்து, அப்பத்தான் படிக்கறவன் நம்புவான்." நியாயமாகப் பட்டது. ஆகவே, ஏரிக்கரையில் மிஸ்ஸோடு நின்ற உங்கள் எல்லோருக்கும், எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கஸ்தூரி மிஸ் ஒரு பள்ளியில் முப்பது வருடம் விளையாட்டு ஆசிரியை. ஓய்வு பெற்றபின், சேலையூர் தாண்டி எங்கள் காலனிக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கரையில், காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு வகுப்பு நடத்தினார். அதற்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது, கட்டணமும் கிடையாது. செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நிற்க வேண்டும். அவர் விசில் ஊதியதும் மூச்சை எண்ணி விட வேண்டும். பிறகு ஆளுக்கொரு புங்கமரத்தில் உள்ளங்கையை வைத்து, மனத்தில் அழுத்துவதை அதனிடம் சொல்ல வேண்டும். கடைசியில் அவரவர் சாமியை அவரவர் கும்பிடலாம். அவ்வளவுதான்.

என் அப்பா ரயில்வேயின் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர். அம்மா இறந்தபின் வீட்டில் அவர் பேசியது ஒரு நாளைக்கு இரண்டே சொல்: "சாப்டியா", "பூட்டிக்கோ". அவர் இந்த வகுப்புக்குப் போகிறார் என்று தெரிந்ததும் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னாலேயே போனேன். எதையும் வாங்காமல் ஒருவர் தினமும் ஐம்பது பேரை நிற்க வைக்கிறார் என்றால் அடுத்து எதையோ விற்கப்போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. எண்ணெய், பொடி, தாயத்து, ஏதோ ஒன்று.

அன்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "மனசு, மூச்சு, மரம், மூணும் ஒரே லைன்ல வரணும்."

நான் பின்வரிசையிலிருந்து கேட்டேன். "எந்த லைன் மேடம்? சீரிஸ் கனெக்‌ஷனா, பேரலலா?"

நான்கைந்து பேர் திரும்பி முறைத்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மிஸ் மட்டும் நிஜமாகவே யோசித்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. ஒண்ண புடுங்கினா மத்ததும் சேந்து அணையுது. அது என்ன கனெக்‌ஷன்?"

"சீரிஸ்."

"அப்ப அதான். செருப்பைக் கழட்டு."

கழற்றினேன். சமாளிக்கத் தெரிந்த ஆள் என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். அது பாராட்டு அல்ல.

அதன்பின் இரண்டு மாதம் கழித்து, தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறிப் பையோடு நின்றுகொண்டிருந்த அப்பா தலைசுற்றி விழுந்தார். நெற்றியில் ஐந்து தையல். ரத்த அழுத்தத்தைப் பார்த்த டாக்டர், "மாத்திரை போடறீங்களா இல்லையா?" என்று கேட்டார். அப்பா பள்ளிப் பையன் மாதிரி சுவரைப் பார்த்தார். "மூணு வாரமா இல்ல டாக்டர். மிஸ் சரியாயிடும்னு சொன்னாங்க."

நான் எந்தக் கருவியாலும் அளக்கத் தேவையில்லாத அளவுக்குக் கோபத்தில் இருந்தேன். நேராக மிஸ் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கப்பாவை மாத்திரைய நிறுத்தச் சொன்னது நீங்களா?"

"நான் நிறுத்தச் சொல்லலியே தம்பி. என்ன ஆச்சு?"

"சரியாயிடும்னு சொன்னீங்களா, இல்லையா?"

கையில் இருந்த ஈரப் புடவையை அவர் கொடியில் போடவில்லை. கீழேயும் வைக்கவில்லை. தண்ணீர் அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"சொன்னேன்," என்றார். "எல்லார்கிட்டயும் சொல்வேன். முப்பது வருஷமா வாயில அதான் வருது. கிரவுண்டுல புள்ளைங்க விழுந்து முட்டி தேஞ்சா ஓடிப்போய் தூக்குவேன். ஒண்ணுமில்ல, சரியாயிடும், எழுந்திருன்னு சொல்லுவேன். சரியாயிடும் தம்பி. முட்டிதானே."

"பி.பி. முட்டி இல்ல மேடம்."

"இல்ல," என்றார். அவர் எதிர்த்துப் பேசுவார் என்று நான் தயார்செய்து வைத்திருந்த வசனங்களை எல்லாம் அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை நானும் கரைக்குப் போனேன். என்ன பூசி மெழுகுகிறார் பார்க்கலாம் என்றுதான். விசில் ஊதுவதற்கு முன் அவர் முன்னால் வந்து நின்றார்.

"நான் உங்க எல்லார்கிட்டயும் ஒரு தப்பு பண்ணிட்டேன். சரியாயிடும்னு சொல்லிட்டேன். அதைச் சொல்ல நான் யாரு? இங்க நின்னா மனசு லேசாகும். அவ்ளோதான் எனக்குத் தெரியும். ரத்தத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நாளையிலேருந்து மாத்திரை சாப்பிடறவங்க அட்டையை எடுத்துட்டு வரணும். அதுல நேத்து மாத்திரையோட குழி காலியா இருந்தாத்தான் இன்னிக்கு விசில்."

"மறந்துட்டா மிஸ்?" என்றார் முனுசாமி அண்ணன். ஏரியை ஒட்டிய நிலங்கள் ஒரு காலத்தில் அவர் குடும்பத்துடையவை. இப்போது அந்த இடத்தில் வீடுகளும் அவருடைய இரண்டு எருமைகளும் இருக்கின்றன. அவருக்குச் சர்க்கரை.

"மறந்தா ஊட்டுக்குப் போய் போட்டுட்டு வா."

"இன்னா மிஸ், இஸ்கோலாட்டம் கீது!"

"ஆமா. வரிசையில நில்லு."

எனக்கு அப்போதும் சந்தேகம்தான். தன்மேல் பழி வராமல் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். அதோடு, குழி காலியாக இருப்பது விழுங்கியதற்கு ஆதாரம் ஆகாது. அதையும் கேட்டேன். "பிரிச்சு வெளியில எறிஞ்சாலும் குழி காலிதானே மேடம்?"

அவர் இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்து முதலில் என்னிடம் நீட்டினார். இதயத்துக்கான மாத்திரை. அவருக்கு அப்படி ஒன்று இருப்பது அன்றுவரை யாருக்கும் தெரியாது. "நான் போட்டேன். எறியல. நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம்," என்றார். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுடைய அட்டையைக் கேட்டார். அன்றுமுதல் தினமும் அதே வரிசை. முதலில் அவருடையது, பிறகு எங்களுடையது. "சரியாயிடும்" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் மறுபடி கேட்கவில்லை. பழக்கத்தில் "சரி..." என்று ஆரம்பித்துவிட்டு, "சரி, அட்டை எங்க?" என்று முடித்ததைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

சும்மா நிற்க எனக்குப் பொறுமை இல்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். வகுப்புக்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு. வித்தியாசம் இல்லை என்று காட்டிவிட்டால் மரமும் மூச்சும் வெறும் கதை என்று முடித்துவிடலாம். எந்தக் கருவியையும் முதலில் தெரிந்த ஒன்றில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை, நோய் எதுவும் இல்லை. அதனால் என் கையில்தான் முதலில் கட்டினேன். நூற்று ஐம்பத்து நான்குக்கு நூற்று இரண்டு என்று காட்டியது.

"மெஷின் கோளாறு," என்றேன்.

அப்பாவுக்குக் கட்டிப் பார்த்தோம். நூற்று முப்பது. டாக்டர் முந்தின நாள் பார்த்த அதே அளவு. முனுசாமி அண்ணன் சிரித்ததில் மரத்திலிருந்த கொக்கு பறந்தது. "மெஷின் நல்லாத்தான் கீது. நீதான் ரிப்பேரு."

மிஸ் சிரிக்கவில்லை. "தம்பி, ஆஸ்பத்திரியில போய்க் காட்டு."

"பஸ்ஸு பின்னாடி ஓடினேன். காபி வேற குடிச்சேன்."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. உனக்கு ஏது பஸ்ஸு?"

இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஒன்று வாங்கினேன். அதுவும் அதையேதான் சொன்னது. அதையும் பீரோவில் வைத்துவிட்டேன். அதன்பிறகு ஒன்றரை வருடம், மிஸ் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டார்: "போனியா?" "அடுத்த வாரம்." "போனியா?" "ஆடிட் முடியட்டும்." ஒருமுறை பொறுமை இழந்து சொன்னார்: "என்னை நம்பாத, சரி. நீயே வாங்கின மெஷினையும் நம்ப மாட்டேங்கற. அப்ப நீ சந்தேகப்படறது எங்களை இல்லடா. உனக்கு வேணாங்கறதை எல்லாம் தப்புங்கற." அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

மிஸ் இயற்கை இயற்கை என்று பேசுவதையும் நான் விடவில்லை. எங்கள் ஏரியில் பாதி ஆகாயத்தாமரை, மீதி சாக்கடை. மழை நாள் தவிர மூக்கைப் பொத்திக்கொண்டுதான் மூச்சுப் பயிற்சி செய்ய வேண்டும். "இந்த நாத்தத்தை உள்ள இழுத்தா என்ன குணமாகும்?" என்று கேட்டேன். மிஸ் ஏரியைக் கையால் காட்டினார். "அவருக்கும் உடம்பு சரியில்ல. நம்ம கூட நிக்கட்டும்." அடுத்த ஞாயிறிலிருந்து வகுப்பு முடிந்ததும் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட வைத்தார். ஒரு வருடத்தில் படித்துறை அளவுக்கு நீர் தெரிந்தது. அந்த அளவை நானே நாடா பிடித்து எடுத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மரத்தில் கை வைத்தால் எதுவும் பாயாது. இன்றும் அதையே சொல்வேன். ஆனால் என் அப்பா அந்தப் புங்கமரத்தில் கை வைத்து அம்மாவைப் பற்றிப் பேசினார். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் அம்மாவை முதலில் பார்த்தது, கடைசி மாதத்தில் அவர் ஒரு புடவை கேட்டு இவர் மறந்தது, எல்லாம். பக்கத்து மரத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. வீட்டில் நான் இருந்தும் அது வரவில்லை. அதற்குப் பிறகு அவர் வீட்டிலும் பேச ஆரம்பித்தார். ஒன்றைப் பிடுங்கினால் எல்லாம் அணையும் என்றால், ஒன்றைத் திரும்பச் செருகினால் எல்லாம் எரியத்தானே வேண்டும். இது மிஸ் சொன்னது அல்ல. நான் நினைத்துக்கொண்டது. அவரிடம் சொல்லவில்லை.

சாவு வீட்டில் நான் செய்ததையும் எழுதுகிறேன். கூட்டம் கூடத்தில் இருந்தபோது சமையலறைக்குள் போனேன். குளிர்சாதனப் பெட்டியின்மேல் அவருடைய பை இருந்தது. அட்டையை எடுத்துப் பார்த்தேன். முந்தின நாள்வரை குழிகள் காலி. எனக்கு அது போதவில்லை. பின்கதவைத் திறந்து ஜன்னலுக்குக் கீழே இருந்த பூந்தொட்டிகளைப் பார்த்தேன். எறிந்திருந்தால் அங்கேதான் விழுந்திருக்கும். விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது மிஸ்ஸின் தங்கை வந்து நின்றார்.

"என்ன தம்பி தேடறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா."

எதுவும் கிடைக்கவில்லை. மல்லிகை வேரும் ஒரு மண்புழுவும்தான். அவர் மாத்திரையும் போட்டார், மூச்சும் விட்டார், மரத்தையும் தொட்டார், சாமியும் கும்பிட்டார். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த ஒருவர் ஒரு காலையில் போய்விட்டார். மண் ஒட்டிய விரலோடு அங்கே நின்றபோது, குற்றம் சொல்ல எனக்கு ஆள் இல்லாமல் போனது. அப்போதுதான் அழுகை வந்தது.

மறுநாள் காலை அப்பா வகுப்புக்கு எழுந்திருக்கவில்லை. மாத்திரை அட்டை மேஜைமேல் இருந்தது. பிரிக்கவில்லை.

"இனிமே யார்கிட்டப்பா காட்டறது?" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பார்வையை டாக்டர் அறையில் முன்பே பார்த்திருக்கிறேன்.

"எங்கிட்ட காட்டுங்க."

"நீ இன்ஸ்பெக்டரு. மிஸ்ஸு தன்னோட அட்டையை மொதல்ல காட்டிட்டுத்தான் எங்க அட்டையைக் கேப்பாங்க. உன் அட்டை எங்க?"

என்னிடம் அட்டை இல்லை.

அன்று மாலை டாக்டரிடம் போனேன். அவர் ஒரு வாரம் அளந்து குறித்துக்கொண்டு வரச் சொன்னார். பீரோவிலிருந்த இயந்திரத்தை எடுத்தேன். அது பழைய பாட்டையே பாடியது. இந்த முறை எழுதிக்கொண்டேன். அந்த ஒரு வாரமும் அப்பா மாத்திரையை என் கண் முன்னால் போட்டார். ஆனால் கரைக்கு வரவில்லை. எட்டாம் நாள் டாக்டர் எனக்கும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு இருவரும் போனோம். முப்பது பேர்போல நின்றிருந்தார்கள். விசில் இல்லாததால் யாருக்கும் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய நம்பிக்கையை அல்ல. அது எனக்கு வராது. அந்த வரிசையைத்தான் வைத்துக்கொண்டேன்: முதலில் தன் அட்டை, பிறகு அடுத்தவர் அட்டை. முன்னால் போய் என்னுடையதைத் தூக்கிக் காட்டினேன். ஒரு குழி காலி.

முனுசாமி அண்ணன் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார். நான் தொட்டியைக் கிளறியதை மிஸ்ஸின் தங்கை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"முயுங்கினியா, இல்ல பூந்தொட்டில போட்டியா?"

எல்லோரும் காத்திருந்தார்கள். வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன். அப்பா கைபேசியின் விளக்கைப் போட்டு, அவசரமே இல்லாமல், உள்ளே பார்த்தார்.